ஆறாவது பாரா

தன்மேல் பெண்டாட்டி போட்ட கேஸுக்குத் தானே ஸ்டாம்பு வாங்கிக் கொடுத்த மனிதர் என்று என் சர்வீஸில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். வடவேலங்குடி மிராசுதார் செல்லதுரை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். அந்தச் செலவுக்கு ரசீது எழுதியவன் நான்.

அப்போது நான் கும்பகோணத்தில் வக்கீல் மீரா உசேனிடம் குமாஸ்தா. பெயர் வேம்பு. டைப் அடிப்பேன், ஸ்டாம்பு ஒட்டுவேன், வாய்தா தேதி சொல்வேன், வக்கீல் இல்லாத நேரத்தில் சட்டமும் சொல்வேன். என் அப்பா மருதையன் இதே செல்லதுரையின் பண்ணையில் வண்டி ஓட்டியவர். அப்பா அவரை 'ஆண்டே' என்று கூப்பிடுவார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டதால் 'வாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்பது அவருக்குப் பெரிய சங்கடம். 'டேய்' என்று வாய்வரைக்கும் வரும், மேசையைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். அதனால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலேயே என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம். கழக ஆட்சி. ஒரு குடும்பம் பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. ஜில்லாவில் இருந்த மிராசுதார்கள் எல்லாம் திடீரென்று தர்மவான்களாகிவிட்டார்கள். செத்துப்போன சித்தப்பாவுக்கு நிலம் எழுதினார்கள், பிறக்காத பேரனுக்கு எழுதினார்கள், கூரையே இல்லாத கோயிலுக்கு அறக்கட்டளை வைத்தார்கள். செல்லதுரைக்கு இருபத்தெட்டு ஏக்கர். மனுஷர் எதிலும் மெதுவானவர். அவர் விழித்துக்கொண்டபோது சித்தப்பாக்கள், பேரன்கள், சாமிகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தார்கள்.

அப்போதுதான் கடைத்தெரு டீக்கடையில் யாரோ அவருக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பத்திரம் எழுதினால் தாசில்தார் செல்லாது என்பான். கோர்ட்டே எழுதிக் கொடுத்தால்? பெண்டாட்டி பிரிந்து வாழ வேண்டும் என்று கேஸ் போடட்டும், அவளுடைய ஜீவனத்துக்குப் பதின்மூன்று ஏக்கர் என்று டிக்ரி ஆகட்டும். கோர்ட்டு டிக்ரியைத் தொட எந்தத் தாசில்தாருக்குத் தைரியம் வரும்? தாசில்தார் ஃபைலை மூடியதும் இரண்டு பேரும் பழையபடி ஒரே வீட்டில் இருந்துகொள்ளலாம். இது சட்டமா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டீக்கடையில் சட்டமாக இருந்தது.

மீரா உசேன் இதைக் கேட்டுவிட்டு வெண்ணெய் பிஸ்கட்டைக் கடித்தபடி அரை நிமிஷம் யோசித்தார். யோசிக்கும்போது பிஸ்கட் தின்பார், பிஸ்கட் தீர்ந்தால் யோசனையும் தீரும்.

"செய்யலாம். ஆனா உங்க மேல கொடுமைன்னு குத்தம் காட்டணுமே, மிராசுதார்."

"காட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் காட்டுங்க."

அம்மாள் பக்கம் பெயருக்கு ஆஜராக எதிர் அறையில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். மனுவை எழுதியது எங்கள் ஆபீஸ்தான். நீலாம்பாள் அம்மாளை அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டு, செல்லதுரை எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கப் போனார். அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். ஒரே மகன் நெய்வேலியில் வேலை. அந்த அம்மாள் அவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கொடுமைன்னு ஒரு அஞ்சாறு விஷயம் சொல்லுங்கம்மா. இட்டுக்கட்டியே சொல்லுங்க. யாரும் கேக்கப் போறதில்ல" என்றார் வக்கீல்.

அம்மாள் கையை விரித்தார். "இட்டுக்கட்ட எனக்கு வராதுங்களே."

"அப்ப நடந்ததக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க."

ஒரு மணி நேரம் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நான் நோட்டில் எழுதினேன். ஆறாவது விஷயத்தில் என் பேனா நின்றுவிட்டது. அது எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம், என் வீட்டுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்த விஷயம். நான் மறுபடி எழுதத் தொடங்கும்வரை அம்மாள் காத்திருந்தார். அதை வக்கீல் இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல, ஆறு பாராவாக டைப் அடித்தேன்.

காப்பி குடித்துவிட்டு வந்த செல்லதுரை தாளைத் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷில் அவருக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"எல்லாம் வழக்கமான பொய்தான்" என்றார் மீரா உசேன். "பிராதுல நெசத்த எழுதினா எந்தக் கோர்ட்டும் நம்பாது. 'மனுவில் கண்டதை நான் மறுக்கவில்லை'ன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அடியில் இரண்டு கோடு வேறு இழுத்தார். நாலு மாதத்தில், எதிர்ப்பு இல்லாத கேஸ் என்பதால், சப் கோர்ட்டில் டிக்ரி ஆகிவிட்டது. நீலாம்பாள் பிரிந்து வாழலாம், அவருடைய ஜீவனத்துக்கு வீடும் பதின்மூன்று ஏக்கரும். செல்லதுரை எங்கள் ஆபீஸுக்குக் கால் கிலோ அல்வா வாங்கி வந்தார். தன்மேல் விழுந்த தீர்ப்புக்கு ஒருவர் அல்வா கொடுத்ததையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிரிந்துதான் இருக்கிறார்களா என்று பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவார் என்று தெரியும். எங்கள் பக்கம் ஒரு குடும்பமா இரண்டு குடும்பமா என்பதற்கு அடுப்புதான் சாட்சி. ஒரே அடுப்பு எரிந்தால் ஒரே குடும்பம். அதனால் செல்லதுரை வயலோரத்து மோட்டார் கொட்டகைக்குக் குடிபோய் மூன்று கல்லைக் கூட்டி வைத்தார். உலையில் அரிசியைப் போடுவதா, அரிசியில் உலையை ஊற்றுவதா என்பதே அவருக்குச் சந்தேகம். இன்ஸ்பெக்டர் வந்து பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கரியும் மேலே பசையுமாக இருந்தது. 'தனியாகத்தான் வாழ்கிறார்' என்று அங்கேயே எழுதிவிட்டுப் போனார்.

அவர் சைக்கிள் மறைந்ததும் செல்லதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் களத்தில் வைக்கோல் உருவிக்கொண்டிருந்த என் அப்பா காதால் கேட்டது.

"ஏய், ஆர்.ஐ. போயாச்சு. சோத்தப் போடு."

அம்மாள் நிலைப்படியை விட்டு நகரவில்லை. "டிக்ரி இருக்குங்களே."

"அது சும்மாடி."

"சும்மாங்களா? சர்க்கார் முத்திரை குத்தியிருக்கு. நான் பிரிஞ்சு இருக்கலாம்னு போட்டிருக்காம். கோர்ட்டு சொன்னத மீறலாங்களா?"

செல்லதுரை முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். பிறகு மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் அதே டிக்ரி இருந்தது.

பெண்டாட்டி கோபம் ஒரு வாரம் என்று காத்திருந்தார், ஒரு மாதம் ஆயிற்று. இதற்கிடையில் அறுவடை. கலத்துக்கு அரைப்படி கூடக் கூலி கேட்டு ஊரெல்லாம் செங்கொடி ஏறியிருந்தது. மற்ற மிராசுதார்கள் வெளியூர் ஆளும் போலீசு வேனும் கொண்டுவந்து இறக்கினார்கள். நீலாம்பாள் அம்மாள் களத்துக்கு வந்தார், என்ன கேக்குறீங்க என்றார், அரைப்படிதானே, அளந்துக்கங்க என்றார். அந்தப் பதின்மூன்று ஏக்கரில் ஒரு கதிர் உதிராமல் அறுப்பு முடிந்தது. "உன் பெண்டாட்டியால எங்க எல்லாருக்கும் கேடு" என்று மற்ற மிராசுதார்கள் செல்லதுரையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் என்ன செய்வார் பாவம், அவருக்கு அன்றைக்கு ரசம் வைக்கத் தெரியவில்லை.

அப்பீல் கெடு தாண்டி எழுபத்து நான்கு நாள் கழித்து எங்கள் ஆபீஸுக்கு வந்தார். இளைத்திருந்தார். சட்டையில் கரித்தடம்.

"அப்பீல் போடணும்" என்றார்.

"எதை எதுத்து?" என்றார் மீரா உசேன்.

"நான் வாங்குன டிக்ரிய எதுத்துத்தான்."

வக்கீல் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். இந்தத் தடவை இரண்டு பிஸ்கட் ஆயிற்று.

"ரெண்டு வழி இருக்கு, மிராசுதார். ஒன்னு, இதெல்லாம் நாடகம், நிலத்துக்காகச் செஞ்சோம்னு தஞ்சாவூர் ஜில்லா கோர்ட்டுல ஒத்துக்கலாம். டிக்ரி போயிடும். கூடவே பதிமூணு ஏக்கர தாசில்தார் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவார். பொய்ச் சத்தியத்துக்குக் கேஸும் வரலாம். எனக்கும் சேத்து."

"இன்னொன்னு?"

"மனுவுல அந்தம்மா சொன்னது அத்தனையும் பொய், நான் நல்ல புருஷன்னு காட்டணும். மறுக்கலன்னு கையெழுத்துப் போட்டவர் நீங்க. அதனால பாரா பாராவா மறுத்துச் சத்தியம் பண்ணணும், சாட்சி வேணும். ஜெயிச்சா நிலமும் வரும், வீடும் வரும்."

"அதானே நெசம். நல்ல புருஷன்தானே நான்" என்றார் செல்லதுரை. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அவர் முதல் வழியில் போனால் அந்தப் பதின்மூன்று ஏக்கர் நிலமில்லாதவர்களுக்குப் பிரியும், எங்கள் தெருவுக்கு ஓர் அரை ஏக்கராவது வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அம்மாள் தெருவில் நிற்பாரே என்பதும் உடனே ஓடியது. அதனால் வாயை மூடிக்கொண்டு செலவுப் பட்டியலை எழுதினேன்.

அப்பீல் மெமோவுக்குக் கோர்ட் ஸ்டாம்பு. தீர்ப்பு நகலுக்குக் காப்பி ஸ்டாம்பு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு, அதற்கொரு ஸ்டாம்பு. தாமதத்துக்குக் காரணம் மஞ்சள் காமாலை என்று எழுதினோம். டெல்டாவில் கெடு தாண்டி அப்பீல் போடுகிற எல்லோருக்கும் மஞ்சள் காமாலைதான் வரும், வேறு வியாதி கோர்ட்டில் செல்லாது. வக்கீல் ஃபீஸ், அம்மாளுக்கு நோட்டீஸ் அனுப்பும் பேட்டா, தஞ்சாவூர் பஸ், தஞ்சாவூரில் சாப்பாடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கேஸு போட்டப்ப இதுல பாதிகூட ஆவலையே."

"கட்டுறதுக்கு ஒரு கூலி, பிரிக்கிறதுக்கு ஒரு கூலி" என்றார் மீரா உசேன். "வேம்பு, மனுவைத் தமிழ்ல படிச்சுக் காட்டு. எதை மறுக்குறோம்னு அவருக்குத் தெரியணும். மொழிபெயர்ப்புக் கூலி பக்கத்துக்கு ஐம்பது காசு." சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

ஆக, பெண்டாட்டி தன்னைப்பற்றி என்ன சொன்னாள் என்பதைச் செல்லதுரை பக்கத்துக்கு ஐம்பது காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டார்.

கோர்ட்டுத் தமிழில் படித்தேன். "பாரா ஒன்று. எதிர்மனுதாரர் மேற்படி மனுதாரரை இரவு முழுவதும் விசிறியால் வீசச் செய்து, வீச்சு நின்றால் காலால் உணர்த்துவார்."

"வெக்கையா இருந்தா வீசத்தான் சொல்லுவாங்க" என்றார்.

"பாரா இரண்டு. மனுதாரரின் தகப்பனார் காலமானபோது, நடவு நடக்கிறதென்று மூன்றாம் நாள்தான் அனுப்பினார்."

"நடவ யாரு பாக்கறது?"

"பாரா மூன்று. மகனின் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டு வந்து, அதற்கு மறுவாரம்தான் மனுதாரரிடம் தெரிவித்தார்."

"சொன்னேன்ல."

"பாரா நான்கு. விவாகமான நாள் முதல் இந்நாள்வரை மனுதாரரைப் பெயர் சொல்லி விளித்ததில்லை. 'ஏய்' என்னும் சப்தத்தையே உபயோகித்து வருகிறார்."

"பின்ன? ஊர்ல எவன் பேரச் சொல்லிக் கூப்புடுறான்?"

"பாரா ஐந்து. எதிர்மனுதாரர் உண்டு, உறங்கி, எழுந்து காப்பியும் அருந்தியபின்னரே மனுதாரர் ஆகாரம் கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இருபத்து நான்கு வருஷங்களில் மனுதாரர் சூடான அன்னம் புசித்ததில்லை."

மூன்று மாதமாகத் தானே பொங்கித் தின்கிறவர் இல்லையா. "ஆறுனா என்ன இப்ப" என்றார், பலமில்லாமல்.

ஆறாவது பாராவை என்னால் கோர்ட்டுத் தமிழில் படிக்க முடியவில்லை. டைப் தாளை வைத்துவிட்டு என் பழைய நோட்டை எடுத்தேன். அம்மாள் சொன்னது சொன்னபடி அதில் இருந்தது.

"தை மாசம் எம் பொண்ணு கனகத்துக்குத் தொண்டை அடைச்சிது. நாலு வயசு. வண்டி கேட்டேன். நெல்லு மண்டிக்குப் போயிட்டு வரட்டும், நாளைக்கு வெல எறங்கிடும்னாங்க. புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கா கரையோட ஏழு மைல் நடந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குனா மூச்சு இல்ல. திரும்பி வர்றப்ப நெல்ல எறக்கிட்டு நம்ம வண்டி காலியா வந்துது. அதுல ஏறி வந்தேன். எடம் தாராளமா இருந்துது."

எதிர்க்கடை ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. செல்லதுரை அதைக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். "டாக்டர் பாத்தாரு. ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்து, விதி, போயிடுச்சு. அப்படித்தான்" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "இது பொய். வண்டி குடுத்தேன் நான். மருதையனக் கேட்டா சொல்லுவான். அவன்தான் ஓட்டுனான்."

"கேக்கலாங்க" என்றேன். "எங்கப்பாதானே."

மறுநாள் எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் பிறந்து ஐம்பது வருஷத்தில் எங்கள் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வேலிகளுக்குப் பின்னால் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்பா பாயை உதறிப்போட்டார். செல்லதுரை உட்காரவில்லை, அப்பாவும் உட்காரவில்லை. நான் மட்டும் நோட்டோடு உட்கார்ந்தேன்.

"மருதையா, கனகத்துக்கு முடியாமப் போனப்ப நான் வண்டி குடுத்தேனா இல்லியா?"

"குடுத்தீங்க ஆண்டே. நெல்லுக்குக் குடுத்தீங்க."

"அப்பறம்?"

"வர்ற வழியில அம்மாவப் பாத்தேன். மடியில புள்ள. ஏத்திக்கிட்டேன். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, மாட்ட முடுக்குனேன். அம்மாதான் சொன்னாங்க, 'வெரட்டாத மருதையா, இனிமே என்ன அவசரம்'னு."

செல்லதுரை துண்டால் முகத்தைத் துடைத்தார். "இத ஏன்டா அன்னிக்கே நீ எங்கிட்ட சொல்லல?"

"வண்டி வந்து நின்னதும் நெல்லு என்ன வெல போச்சுன்னு கேட்டீங்க. அதச் சொன்னேன்."

"எட்டே முக்கால்" என்றார் செல்லதுரை. நெல் கலம் எட்டே முக்கால் ரூபாய். பதினேழு வருஷம் கழித்தும் விலை அவருக்கு ஞாபகம் இருந்தது. அது தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு அவர் நின்ற நிலையை நான் இங்கே கேலி செய்ய மாட்டேன். அதுவரை அந்த ஆள்மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிஷம் எங்கேயோ போய்விட்டது.

அப்பீலை வாபஸ் வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாங்கவில்லை. மறுப்புச் சத்தியத்தில் கையெழுத்தும் போடவில்லை. "கோர்ட்டுல வந்து சொல்றேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாடகம் என்று எங்கேயாவது உளறிவிட்டால் மீரா உசேனின் வக்கீல் சன்னதுக்கே ஆபத்து. வாய்தா அன்றைக்குத் தஞ்சாவூர் பஸ்ஸில் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, "நீங்க ஒன்னும் பேசாதீங்க, எல்லாம் நான் பேசிக்கிறேன்" என்று பாபநாசத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

கோர்ட்டில் டவாலி பெயரைக் கூப்பிட்டார். நீலாம்பாள் அம்மாள் பெண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மீரா உசேன் எழுந்து, கட்சிக்காரர் படிக்காதவர், இங்கிலீஷ் மனுவில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று கால் மணி நேரம் அழகாகப் பேசினார்.

ஜட்ஜ் பேப்பரைப் புரட்டினார். "மறுப்புச் சத்தியமே தாக்கலாகலையே. எந்தப் பாராவைப் பொய்யின்னு சொல்றீங்க?"

"ஆறையும், யுவர் ஆனர்."

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகச் செல்லதுரையைப் பார்த்தார். "நீங்கதானே அப்பீல்காரர்? இப்பவாவது மனுவைத் தமிழ்ல கேட்டீங்களா?"

"கேட்டேங்க. பக்கத்துக்கு அம்பது காசு."

பின்பெஞ்சில் இரண்டு வக்கீல்கள் சிரித்தார்கள். ஜட்ஜும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, நீங்களே சொல்லுங்க. பொய்யா?"

மீரா உசேன் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். கோட்டு அவருடையது, இழுத்ததும் அவர்தான், பதற்றத்தில் யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒன்னுலேருந்து அஞ்சு வரைக்கும் எதாவது பேசலாங்க" என்றார் செல்லதுரை. "ஆறு நெசங்க."

"அது நிஜம்னா இந்த அப்பீல்ல ஒன்னும் நிக்காதே. தெரியுதா?"

"தெரியுதுங்க. அந்தப் பாரா நெசம்னு எங்கயாவது பதிவாவணும். எனக்கு வேற எடம் தெரியல."

அந்த ஒரு வரியைச் சொல்ல அவர் ஸ்டாம்பு, காப்பி, பேட்டா, மஞ்சள் காமாலை எல்லாவற்றுக்கும் செலவழித்திருக்கிறார். தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அப்பீல் செலவுத்தொகையுடன் தள்ளுபடி. எதிர்தரப்புக்கு அவர் கொடுக்க வேண்டிய செலவு நூற்று எண்பத்தாறு ரூபாய் நாற்பது காசு. நீலாம்பாள் அம்மாள் எழுந்து வெளியே போனார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். செல்லதுரை சாகவில்லை, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மிச்சமிருந்த கடலை மிட்டாயைத் தின்றார்.

செலவுத்தொகையை மணியார்டரில் அனுப்பிவிடலாம் என்றேன். நேரில்தான் கொடுப்பேன் என்றார். "ரசீது எழுத நீயும் வா, தம்பி" என்றார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அப்போதுதான்.

நாங்கள் போனபோது அம்மாள் களத்தில் நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார். செல்லதுரை களத்து வரப்போடு நின்றுவிட்டார். டிக்ரிப்படி அதற்கு இந்தப் பக்கம்தான் அவருக்கு இடம். பணத்தை என்னிடம் கொடுத்தார், நான் அம்மாளிடம் கொடுத்தேன். அம்மாள் எண்ணிப் பார்த்தார், நாற்பது காசையும் எண்ணினார்.

"ரசீது எழுதணும்மா" என்றேன்.

"எழுதிக்கப்பா. வண்டிக் கூலின்னு எழுது."

"இது அப்பீல் செலவும்மா. வண்டிக் கூலின்னா கோர்ட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

"கோர்ட்டுக்கு ஒன்னு எழுதிக்க. அவருக்கு ஒன்னு எழுதிக் குடு."

"அப்பல்லாம் கும்பகோணத்துக்கு வண்டிக் கூலி ரெண்டு ரூவாதாம்மா." ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குமாஸ்தா புத்தி.

"வட்டி இருக்குல்ல" என்றார் அம்மாள்.

இரண்டு ரசீது எழுதினேன். அம்மாள் இரண்டிலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதைக் கொண்டுபோய்ச் செல்லதுரையிடம் கொடுத்தேன். தமிழில்தான் இருந்தது, ஒரே வரிதான், ஆனாலும் ரொம்ப நேரம் படித்தார். படித்துவிட்டு வரப்பில் நின்றபடியே கூப்பிட்டார்.

"நீலாம்பா."

அம்மாள் நெல்லில் காலை நிறுத்தினார்.

"இது பத்தாது."

"தெரியும்" என்றார் அம்மாள். "ஒல கொதிக்குது. நான் சூடாச் சாப்புடணும். நீங்க பொறப்படுங்க."

அம்மாள் உள்ளே போனார். செல்லதுரை ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார். கோர்ட்டு ரசீதைத் தஞ்சாவூரில் தாக்கல் செய்ய மறுநாள் நான் பஸ் ஏறினேன். அந்தப் பஸ் சார்ஜை மட்டும் அவர் கணக்கில் நான் எழுதவில்லை.